காட்டேரி யார்? – மர்மத் தொடரும் பார்வையாளர் மயக்கமும்

"புரியவில்லை" என்ற சொல்லைக் கேட்டவுடன் சொல்பவரைக் குறைத்து மதிப்பிட நம்மிற் பலர் பழகிவிட்டோம். கவிதை புரியவில்லை என்றால் பயிற்சி போதாது என்கிறோம். நாடகம் புரியவில்லை என்றால் ரசனை வளரவில்லை என்கிறோம். தொலைக்காட்சித் தொடர் புரியவில்லை என்றாலோ, பேசுவதற்கே தகுதியற்ற பொருளென்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், புரியவில்லை என்பதும் ஒரு மறுமொழி. ஏனைய மறுமொழிகளைப் போன்று அதற்கும் காரணம் உண்டு. அக்காரணம் சில வேளை பார்ப்பவரிடத்தும், சில வேளை படைப்பினிடத்தும், சில வேளை இரண்டையும் சூழ்ந்து நிற்கும் சமுதாயத்தினிடத்தும் இருக்கும். எது எவ்விடத்தது என்று பிரித்தறிவது விமர்சனத்தின் கடமையாகும்.

இரத்தங் குடிக்கும் பேய்களையும் துப்பறிவாளரையும் ஒருங்கே சேர்த்துக் கதை பண்ணும் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி இவ்விதழில் எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். கற்பிட்டியிலோ கல்முனையிலோ ஒரு வகுப்பறையிற் புகுந்து மாணவரைக் கேட்டால், சிறுகதைத் தொகுதியொன்றின் பெயரைச் சொல்பவர் இருவராயின், இத்தகைய தொடரொன்றின் பெயரைச் சொல்பவர் இருபதின்மராய் இருப்பர். மக்கள் எதைப் பார்த்து எவ்வாறு மறுமொழி கூறுகின்றனர் என்பதை அறியாத இலக்கிய இயக்கம் மக்களைப் பற்றிப் பேசும் உரிமையை இழந்துவிடும்.

மேலைநாட்டில் இவ்வகைத் தொடர்கள் நெடுநாளாக உள்ளன. 1992 முதல் 1996 வரை வெளிவந்த 'ஃபாரெவர் நைட்' என்ற கனேடியத் தொடரிலே, பல நூற்றாண்டு வாழ்ந்த இரத்தக் காட்டேரியொருவன் ரொறன்ரோ நகரத்துப் பொலிஸ் துப்பறிவாளனாக இரவில் வேலை செய்கிறான். 1999 முதல் 2004 வரை ஐந்து பருவங்களாக வந்த 'ஏஞ்சல்' என்ற அமெரிக்கத் தொடரிலே, ஆன்மாவைத் திரும்பப் பெற்ற காட்டேரியொருவன் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே துப்பறியும் அலுவலகம் நடத்துகிறான். குற்றவாளியே குற்றத்தைத் துருவுகிறான். இரத்தங் குடித்தவனே இரத்தஞ் சிந்தியவனைத் தேடுகிறான். இம்முரண்பாட்டிலே கலைக்குரிய வித்து ஒன்று உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இத்தகைய தொடர்களில் அவ்வப்போது ஓர் அத்தியாயம் எவருக்கும் விளங்காமற் போகும். கனவா நனவா, இறந்தவன் இறந்தானா, சென்ற வாரம் கண்டது பொய்யா என்று பார்வையாளர் தடுமாறுவர். அப்போது எழும் மறுமொழிகளைக் கூர்ந்து நோக்கினால் அவை மூன்று வகையில் அடங்கும். முதல் வகையினர், "எனக்குத்தான் விளங்கவில்லை போலும்" என்று தம்மையே நொந்துகொள்வர். இரண்டாம் வகையினர், "விளங்காமை இதன் ஆழத்துக்குச் சான்று" என்று வியந்து போற்றுவர். மூன்றாம் வகையினர், "கதை சொல்பவன் நம்மை ஏய்க்கிறான்" என்று கோபங்கொள்வர். கல்வி மிகுந்தோர் இரண்டாம் வகையிற் கூடுதலாகவும், உழைத்துக் களைத்து இரவில் அரைமணி நேரம் ஓய்வோர் மூன்றாம் வகையிற் கூடுதலாகவும் காணப்படுவது சிந்திக்கத்தக்கது. கோபங்கொள்பவரே பெரும்பாலும் கதையை உண்மையாகப் பின்தொடர்ந்தவர் என்பது என் கருத்து. கணக்குப் பார்த்தவருக்கே கணக்குப் பிசகியது தெரியும்.

தமிழுக்கு வருவோம். 1990களின் பிற்பகுதியிற் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்ம தேசம்' தொடர் வரிசையை அறியாத தமிழ்க் குடும்பங்கள் அக்காலத்திற் சிலவே. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் அதனைத் தயாரித்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை எழுதினார். வரிசையின் முதற் கதையாகிய 'ரகசியம்' சித்தரையும் நவபாஷாண லிங்கத்தையும் சுற்றிப் பின்னப்பட்டது. அடுத்து வந்த 'விடாது கருப்பு' என்ற கதையை நாகா இயக்கினார். சிற்றூரொன்றிலே தவறு செய்தோரைக் காவல் தெய்வமாகிய கருப்புசாமி குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று ஊரார் நம்புகின்றனர். சாவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. வெளியூரிலிருந்து வரும் படித்தவர்கள் அவற்றின் காரணத்தைத் துருவுகின்றனர். இங்கே இரத்தக் காட்டேரி இல்லை. ஆயினும் இரவில் வந்து உயிர் கொள்ளும் ஓர் உருவமும், அதனைத் தேடும் துப்பறிவும் உள. நம் மண்ணில் இவ்வகையின் தலையாய எடுத்துக்காட்டாக அதனைக் கொள்ளலாம்.

அத்தொடரைப் பார்த்தோர் பலரும் ஒரு கட்டத்தில் மயங்கினர். அதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. இரு வேறு காலங்களில் நடந்தவற்றை மாறிமாறிக் காட்டி, அவற்றிடையேயுள்ள உறவை நெடுநாள் வெளியிடாமல் வைத்திருந்தனர். இன்று நடப்பதெனத் தாம் நினைத்தவற்றுள் ஒரு பகுதி என்றோ நடந்து முடிந்தது என்று பார்வையாளர் பின்னரே அறிந்தனர். இவ்வுத்தியை நான் குறை கூறமாட்டேன். நேற்றைய கொடுமை இன்றைய ஊருக்குள் இன்னும் உயிரோடு உலவுகிறது என்பதைக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான உத்தி அரிது. கிராமத்துப் பழைய பகையும் பழைய பயமும் இறந்தகாலத்துக்கு உரியன அல்ல என்பதை அந்த மயக்கமே பார்வையாளருக்கு உணர்த்திற்று. இவ்விடத்துப் புரியாமை புரிதலுக்கு வழியாக அமைந்தது. இதனை நேர்மையான மயக்கம் என்பேன்.

நிற்க. முடிவு எவ்வாறு அமைந்தது? கொலைகளின் மூலத்தை ஒரு மனிதனின் பிளவுண்ட மனத்திலே கண்டனர். மனநோய் மருத்துவம் விளக்கம் தந்தது. எனினும் தெய்வத்தின் மீதான நம்பிக்கையைத் தொடர் மறுத்துவிடவும் இல்லை. பகுத்தறிவாளர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பக்தர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இரு சாராரும் மறுவாரமும் அதே அலைவரிசையின் முன் அமரலாம். 2005இல் வெளிவந்த 'சந்திரமுகி' படத்திலும் ஏறத்தாழ இவ்வமைப்பையே காண்கிறோம். பேய் என்று அஞ்சப்பட்டது நோய் என்று மருத்துவர் கூறுகிறார். நோயைத் தீர்க்கும் முறையோ பேயோட்டும் சடங்கின் வடிவத்தில் நடக்கிறது. அதே ஆண்டில் வந்த 'அந்நியன்' படத்திலோ பிளவுண்ட ஆளுமை தண்டனை வழங்கும் உரிமையைக்கூடப் பெற்றுவிடுகிறது.

பேயை நோயாக்குவது முற்போக்கு என்று நம்மவரிற் சிலர் மகிழ்ந்தனர். இம்மகிழ்ச்சி அவசரமானது. நாட்டார் தெய்வங்களின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்து ஆராய்ந்த பேராசிரியர் நா. வானமாமலை, அவற்றினூடே சாதிக் கொடுமையின் வரலாற்றை வெளிக்கொணர்ந்தார். முத்துப்பட்டனும் காத்தவராயனும் சாதி வரம்பை மீறிக் காதலித்தவர்கள், கொலையுண்டு உயிரிழந்தவர்கள். அவ்வாறு கொலையுண்டவரே பின்னர் தெய்வமாயினர். காத்தவராயனைக் கழுவேற்றிய கதையை யாழ்ப்பாணத்து மக்கள் கூத்தாக ஆடி இன்றுவரை நினைவிலே காத்துள்ளனர். கொலையுண்டவன் தெய்வமாகித் திரும்பி வருவான் என்ற அச்சம், நீதிமன்றம் எட்டாத எளியோர் தமக்கென வைத்திருந்த ஒரே நீதிமன்றம். அது கற்பனையான நீதிமன்றந்தான். அங்கே வழக்குத் தீர்ந்ததில்லை. ஆயினும், ஊர் செய்த குற்றத்தை ஊர் மறவாதபடி அது காத்தது.

தெய்வமாக இருந்தவரை கருப்பு ஊர் முழுவதற்கும் பொது. நோயாக்கப்பட்டதும் தனியொருவனின் உடைமையாகிவிடுகிறது. குற்றம் மண்டைக்குள்ளே பூட்டப்படுகிறது. நிலம், சாதி, கடன், அதிகாரம் ஆகிய யாவும் விடுதலை பெறுகின்றன. மூடநம்பிக்கையை அகற்றுவதாகக் கூறிச் சமுதாய நினைவையும் சேர்த்து அகற்றுவது பகுத்தறிவாகாது. தொடரின் முடிவில் "ஏதோ குறைகிறது" என்று குறைபட்ட எளிய பார்வையாளர் தம் குறையைக் கோட்பாட்டு மொழியிற் சொல்ல அறியாதிருக்கலாம். அவர் உணர்ந்த குறையோ உண்மையானது. ஊரெல்லாம் நடுங்கிய ஒன்றுக்கு ஒருவனின் நோய் போதிய காரணமாகாது என்பதையே அவர் தம் வழியிற் சொன்னார்.

இனி, மற்றொரு வகை மயக்கம் உண்டு. அது வியாபார மயக்கம். விளம்பரக்காரனுக்கு வேண்டுவது விடையன்று. அடுத்த வாரமும் மக்கள் வந்து அமர்வதே அவனுக்கு வேண்டியது. ஆகவே விடை தள்ளிப்போடப்படுகிறது. தள்ளிப்போட முடியாதபோது குழப்பப்படுகிறது. எழுதுவோருக்கே விடை தெரியாத கேள்விகள் கதைக்குள் வீசப்படுகின்றன. இத்தகைய அத்தியாயத்தை ஆழமுடையதென்று போற்றும் விமர்சகர், கலங்கிய குட்டையைக் கண்டு ஆழ்கடல் என மயங்குகிறார். நேர்மையான மயக்கத்துக்கும் வியாபார மயக்கத்துக்கும் வேறுபாடு காண எளிய சோதனை ஒன்று உண்டு. முடிவை அறிந்தபின் கதையை முதலிலிருந்து மீண்டும் நோக்க வேண்டும். முன்னர் விளங்காதவை இப்போது விளங்கினால் அது கலை. முன்னர் விளங்கியவையும் இப்போது விளங்காமற் போனால் அது வியாபாரம்.

இச்சோதனையைச் செய்வதற்கு உயர்கல்வி வேண்டியதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு. அங்கே வாடைக் காற்றையும் சோளகத்தையும் கச்சானையும் கணித்துக் கடலிறங்கும் மீனவர் ஒவ்வொரு நாளும் அடையாளங்களைக் கொண்டு காரணத்தை ஊகித்தே உயிர் வாழ்கின்றனர். நீரின் நிறத்தையும் பறவையின் திசையையும் வலையின் கனத்தையும் வைத்துக் கண்ணுக்குத் தெரியாததை அறிவது துப்பறிதல் அல்லாமல் வேறென்ன? கருப்பு குதிரையேறி வந்தால் மணலிற் குளம்படி இருக்க வேண்டுமே, அதை ஏன் எவரும் முதலிற் பார்க்கவில்லை என்று கேட்கக்கூடியவர் இவர்களே. இவ்வறிவை மதியாமல் "மக்கள் பேய்க் கதைக்கு மயங்குகின்றனர்" என்று கூறுவது மக்களை அறியாதார் கூற்று.

அப்படியாயின் அடையாளங்களைப் படிக்கத் தெரிந்த மக்களே ஒரு நாள் பேயை நம்பித் தெருவில் இறங்கியது எவ்வாறு? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டுப் பார்வையாளர் மறுமொழியைப் பற்றிப் பேசுவது புத்தளம் மாவட்டத்திலே பொருளற்றதாகும்.

2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே இலங்கையின் பல பகுதிகளிற் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி பரவியது. உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் வந்து பெண்களைத் தாக்குகின்றனர் என்று செய்தி எழுந்தது. தாக்கப்பட்டோம் என முறையிட்டவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். பிடிக்க வருவோரின் கைக்கு வழுக்கிச் செல்ல உடலில் எண்ணெய் பூசிக்கொள்ளும் திருடனைப் பற்றிய பழைய கதையொன்று நாட்டில் ஏற்கெனவே இருந்தது. அது திடீரெனப் பூதமாய் வளர்ந்தது. மலையகத்திற் சந்தேகத்தின்பேரில் மனிதர் கொல்லப்பட்டனர். கிழக்கிலும் யாழ்ப்பாணத்து நாவாந்துறையிலும் மக்கள் படையினரோடு மோதினர். நாவாந்துறையில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். புத்தளம் நகரிலே, அம்மாதப் பிற்பகுதியில், திரண்ட கூட்டத்தின் கையிற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். கற்பிட்டியிலிருந்து அந்நகரம் களப்பைச் சுற்றிச் செல்லும் சாலையில் 40 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது.

இதனை அறியாமை என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த ஆண்டை நினைவுகூர்க. போர் 2009 மே மாதத்தில் முடிந்திருந்தது. நெடுங்காலம் நீடித்த அவசரகால நிலையோ அந்த ஓகஸ்ட் இறுதியிலேதான் முடிவுற்றது. ஆட்கள் இரவிற் காணாமற் போவதும், வெள்ளை வானும், விடையில்லாத முறைப்பாடும் மக்களின் அன்றாட அறிவாயிருந்தன. இக்கரைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பல்லாயிரவர் படகேறி வந்து இறங்கியது கற்பிட்டிக் கரையிலேதான். ஒரே அறிவிப்பிலே ஊர் முழுவதும் இல்லாமற் போகும் என்பதைத் தம் வாழ்வில் கண்டவர்கள் இரவுக் காலடி ஓசைக்கு அஞ்சினால், அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று எவ்வாறு தள்ளுவது?

தாக்கியவனைத் துரத்திச் சென்றோம், அவன் முகாம் பக்கம் ஓடினான் என்று பல ஊர்களில் மக்கள் கூறினர். பூதமென்று ஒன்றும் இல்லை என்று அதிகாரிகள் கூறினர். பூதம் இல்லை என்பது உண்மையே. ஆனால் அது விடையாகாது. "தாக்கியது யார்?" என்பதே பெண்கள் கேட்ட கேள்வி, "பூதமா?" என்பது அவர்கள் கேட்ட கேள்வியன்று. கேட்ட கேள்வியை விட்டுக் கேளாத கேள்விக்கு விடையளிப்பது மர்மத் தொடரின் பழைய தந்திரம். தொடரில் அது பார்வையாளரின் அரைமணி நேரத்தைத் திருடுகிறது. ஊரிலோ விசாரணையையும் நம்பிக்கையையும், முடிவில் ஓர் உயிரையும் பறித்தது. கொல்லப்பட்ட உத்தியோகத்தரும் ஒரு தாயின் பிள்ளையே. உண்மையைத் தேடும் வழி அடைபட்டபோது மக்களின் நியாயமான சினம் கைக்கெட்டிய ஒருவர்மேல் விழுந்தது. அவ்விடத்து நாம் கூட்டத்தைப் போற்றவும் கூடாது. அதன் கேள்வியை மறக்கவும் கூடாது.

தொலைக்காட்சித் தொடர்கள் கிறீஸ் பூதத்தைப் படைத்தன என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது, நோய்க்கு வெப்பமானியைக் குறை கூறுவது போலாகும். நான் கூறுவது இது. ஒரு நிகழ்ச்சிக்கு இரு விளக்கங்களைத் தந்து இரண்டையும் சோதிக்காமல் விட்டுவிடும் பழக்கத்தைக் கதை வளர்த்தால், அப்பழக்கம் கதையோடு நிற்பதில்லை. மருத்துவர் சொன்னதும் சரி, மந்திரவாதி சொன்னதும் சரி, அரசாங்கம் சொன்னதும் சரி, வதந்தி சொன்னதும் சரி என்று ஏற்றுக்கொள்ளும் மனம் அதிகாரத்துக்கு மிகவும் வசதியானது. அது எதையும் நம்பும், எதையும் விசாரியாது.

இதற்கு மாறான வழியையும் நம் வரலாறே காட்டுகிறது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் 1897இல் இலண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் தேதி, இந்தியாவில் செகந்தராபாத் நகரிலே ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பொன்றின் வயிற்றுள்ளே அந்நோயின் கிருமியைக் கண்டார். உலகம் கற்பனைக் காட்டேரியின் கதையைப் படித்துக்கொண்டிருந்த ஆண்டிலேயே, கோடிக்கணக்கானோரின் இரத்தத்தை உறிஞ்சி உயிர் குடித்த உண்மைக் காட்டேரி அகப்பட்டுவிட்டது. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. தன் உடலை நுளம்புக்குக் கொடுத்த ஏழை நோயாளிக்குக் கிடைத்தது கடிக்கு ஓர் அணா. அறிவியலின் கதையிலும் இரத்தம் எவருடையது, புகழ் எவருடையது என்ற கேள்வி நிற்கிறது.

நமது வறண்ட வலயத்துச் சிற்றூர்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. குருதி வற்றி வெளிறி மெலிந்து மக்கள் மாண்டபோது தமிழர் இரத்தக் காட்டேரி என்றனர். சிங்கள மக்கள் 'ரீரி யக்கா' என்றனர். ரீரி என்பதும் இரத்தமே. மொழி வேறாயினும் வெளிறிய உடலுக்கு இருசாராரும் கண்ட காரணம் ஒன்றே. 1934–35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. ஆனால் நுளம்பு மாத்திரமா கொன்றது? உலகப் பொருளாதார நெருக்கடியினால் வேலையும் கூலியும் இழந்து, பட்டினியால் நைந்திருந்த உடல்களே முதலில் வீழ்ந்தன. அந்நாளிற் சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தோடு உணவையும் ஊரூராகச் சுமந்து சென்றனர். பருப்பு வழங்கிய என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தயா' என்று அழைத்தனர். நோயின் காரணத்தைத் தேடிச் சென்றோர் பசியைக் கண்டனர். பசியின் காரணத்தைத் தேடியோர் ஆட்சிமுறையைக் கண்டனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கு அந்த அனுபவமும் ஓர் ஊற்று.

துப்பறிதல் என்பதன் முழுப்பொருள் இதுவேயாகும். அது காட்டேரியைப் பொய்யென்று சொல்லி நின்றுவிடவில்லை, நுளம்பைக் கண்டது. நுளம்போடும் நிற்கவில்லை, பட்டினியைக் கண்டது. மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலே (1867) மூலதனத்தை இரத்தம் உறிஞ்சும் காட்டேரியோடு ஒப்பிட்டது வெறும் அலங்காரமன்று என்பதை இலங்கையின் இளைஞர் நோயாளியின் பாயருகே நின்று அறிந்தனர்.

அக்கதைக்கு அடுத்த அத்தியாயமும் உண்டு. டி.டி.டி. தெளித்ததன் பயனாய் 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேரே காணப்பட்டனர். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1960களின் இறுதிக்குள் நோய் மீண்டும் பரவி இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. பின்னர் பல தசாப்தங்கள், போர்க்காலத்திலுங்கூட, ஊர் ஊராய் இரத்தப் பரிசோதனை செய்த பெயரறியாச் சுகாதார ஊழியரின் உழைப்பினாலேயே 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. வீரத் துப்பறிவாளன் ஒருவன் தனியே நின்று பேயை வீழ்த்தும் முடிவு இங்கே இல்லை. பலர் பல்லாண்டு பொறுமையோடு செய்த வேலையே உள்ளது. அத்தகைய தொடரொன்றை எடுக்க நம் தொலைக்காட்சி நிலையம் எதுவும் முன்வராதது நம்மை வியப்பில் ஆழ்த்தாது. ஆயினும் அதைக் கோரும் கடமை நமக்குண்டு.

இன்றைய கற்பிட்டிக்கு வருவோம். 2011 மார்ச் மாதத்திலே, அதாவது கிறீஸ் பூதப் பீதிக்கு ஐந்து மாதங்கள் முன்னர், இக்குடாநாட்டின் நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையத்தின் முதற் பகுதி இயங்கத் தொடங்கிற்று. இப்போது அதன் மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆற்றலுடையன. நாடெங்கும் விளக்கெரிக்கும் மின்சாரம் பிறந்த மண்ணின் மாவட்டமே அவ்வாண்டு இருளுக்கு அஞ்சி நின்றது. மின்விளக்கு இரவை அகற்றும். அச்சத்தை அகற்றப் பொறுப்புக் கூறும் ஆட்சி வேண்டும். கற்பிட்டியின் 14 தீவுகளைச் சேர்த்து வகுக்கப்பட்ட சுற்றுலாத் திட்டம் வந்தபோது, எங்கள் வாடிக்கும் கரைவலைப்பாட்டுக்கும் என்ன நேரும் என்று மீனவர் கேட்டனர். மின்நிலையச் சாம்பல் எங்கே படிகிறது என்று அயலிலுள்ளோர் கேட்டனர். இவையாவும் துப்பறியும் கேள்விகளே. எவருக்கு நன்மை, எவருக்கு இழப்பு, எவர் கையொப்பம், எந்தத் தேதி என்று கேட்கும் மக்களைப் பேய்க் கதைக்கு மயங்குவோர் என்று சொல்ல எவருக்கு நா எழும்?

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மாணவர் இத்தொடர்களைப் பார்ப்பதைத் தடுக்க உங்களால் இயலாது. இயன்றாலும் அது வேண்டுவதில்லை. 'விடாது கருப்பு' இன்று இணையவழியாகக் கைத்தொலைபேசியிலேயே காணக் கிடைக்கிறது. அதையே பாடமாக்குங்கள். எந்த அத்தியாயம் விளங்கவில்லை என்று கேளுங்கள். விளங்காத இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலம் மாறியதா, சாட்சி மாறியதா, காரணம் விடுபட்டதா என்று பிரிக்கச் சொல்லுங்கள். கதைசொல்லி மறைத்தது கதையின் பொருட்டா, கடையின் பொருட்டா என்று தீர்ப்புக் கூறச் சொல்லுங்கள். பின்னர் அதே கேள்விகளை நாளிதழின் செய்தியொன்றிடம் கேட்கச் சொல்லுங்கள். இலக்கண நூற்பாக்களை மனப்பாடஞ் செய்விக்கும் நேரத்திற் கால் பங்கு இதற்குப் போதும்.

எழுத்தாளருக்கும் ஒரு சொல் உண்டு. மர்மக் கதை இழிந்ததன்று. உலகத்து மாபெருங் கதைகள் பலவற்றின் உள்ளே ஒரு குற்றமும் ஒரு தேடலும் உள. நம் கரைகளின் இரவுகளில் எழுதப்படாத மர்மங்கள் எத்தனையோ உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர், முகாமுக்குப் போய்த் திரும்பாதவர், பத்திரம் இருந்தும் நிலம் இழந்தவர் ஆகியோரின் கதைகளை எழுதுவதற்குக் காட்டேரியைத் தேடிப் போக வேண்டியதில்லை. காட்டேரி வேண்டுமென்று எழுதுவோன் விரும்பினாலும் தடையில்லை. ஆனால் அக்காட்டேரி குடித்த இரத்தம் எவருடையது என்பதை வாசகருக்கு மறைக்காதிருக்க வேண்டும்.

புரியவில்லை என்று சொல்லும் பார்வையாளர் நம் எதிரியல்லர். நம் முதல் துணை அவரே. "விளங்கவில்லை, விளக்கு" என்று தொலைக்காட்சிப் பெட்டியைக் கேட்பவர், ஒருநாள் கச்சேரியையும் நீதிமன்றத்தையும் அமைச்சரையும் அவ்வாறே கேட்பார். அவ்வாறு கேட்பதற்கான துணிவையும் முறையையும் அவருக்கு அளிப்பதே முற்போக்கு விமர்சனத்தின் இன்றைய பணி.